வேட்டி முதல் கில்ட் வரை: பேன்ட் அல்லாத ஆண் உடைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நாட்டு ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும் உடைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. சிலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். சிலர் கிண்டலாகத் தொடங்கி, பாதியில் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்துத் தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. பாவாடை மாதிரி ஆம்பளைங்க உடுத்துறதுன்னா ஸ்காட்லாந்து கில்ட்தானே? வேற எங்க இருக்கு?

கில்ட்டுக்குப் பெயர் அதிகம், உடுத்துபவர்கள் குறைவு. ஸ்காட்லாந்திலேயே பெரும்பாலானோர் அதைத் திருமணத்துக்கும் விழாவுக்கும்தான் எடுக்கிறார்கள். அன்றாடம் உடுத்தும் ஆண்களைத் தேடினால் இந்தியப் பெருங்கடலைச் சுற்றி வர வேண்டும். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் வேட்டியும் லுங்கியும் சாரமும், மியான்மரில் லோன்ஜி, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சாரோங், யேமனில் ஃபூத்தா, ஓமானில் நீள அங்கிக்கு உள்ளே விஸார், சோமாலியாவில் மஅவீஸ், கென்யா, தான்சானியா கடற்கரையில் கிக்கோய். பாய்மரக் கப்பல்கள் துணி ஏற்றிப் போய் வந்த கரைகள் எல்லாவற்றிலும் இந்த உடை இருக்கிறது. சோழமண்டலக் கரையில் நெய்த துணி தென்கிழக்காசியாவில் பல நூற்றாண்டுகள் விலைபோன சரக்கு.

அதற்கு வெளியே பிஜியின் சுலு, சமோவாவின் லாவாலாவா, தொங்காவின் துப்பெனு ஆகியவை பசிபிக்கில் உள்ளன. கிரேக்கத்திலும் அல்பேனியாவிலும் ஃபுஸ்தனெல்லா, ஜப்பானில் ஹக்காமா, பூட்டானில் கோ. கில்ட் இந்தப் பெரிய குடும்பத்தில் ஓர் உறுப்பினர்.

2. எல்லாம் இடுப்புல சுத்துற துணிதானே, அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

துணியை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். முதல் வகை தைக்காத நீளத் துணி: வேட்டி, கிக்கோய், லாவாலாவா. இரண்டாவது, இரு ஓரங்களையும் மூட்டிக் குழாயாக்கியது: லுங்கி, லோன்ஜி, மஅவீஸ். மூன்றாவது, தையல்காரர் கைபட்டு மடிப்பும் வாரும் கொக்கியும் வைத்தது: கில்ட், ஃபுஸ்தனெல்லா, பிஜியின் சுலு வகாதங்கா. பஞ்சகச்சம் போல நீளத் துணியின் முனையைக் கால்களுக்கு இடையே கொண்டுபோய்ப் பின்னால் செருகுவது தனி வகை. அது தையல் இல்லாமலே கால்சட்டையின் வேலையைச் செய்துவிடுகிறது.

பூட்டானின் கோ இவற்றில் எதிலும் சரியாக அடங்காது. அது கணுக்கால் வரை நீளும் முழு அங்கி. முழங்கால் வரை மேலே தூக்கி, கேரா என்ற இடுப்புக் கச்சையால் இறுக்குகிறார்கள். தூக்கிய துணி வயிற்றுக்கு மேலே ஒரு பெரிய பையாகத் தொங்கும். அதற்குள் கிண்ணம், பணம், புத்தகம் எல்லாம் போகும்.

3. ஆதியில பெண்கள் உடையா இருந்ததை ஆண்கள் எடுத்துக்கிட்டதா?

இல்லை. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதற்கான சான்றுதான் மிகத் தெளிவாக இருக்கிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் எபி-இல் என்ற அதிகாரியின் சிலை உள்ளது. சிரியாவின் மாரி நகரில் 1934இல் கிடைத்தது, சுமார் 4,400 ஆண்டுகள் பழையது. தாடி வைத்த அந்த மனிதர் இடுப்புக்குக் கீழே ஆட்டு ரோமக் கற்றைகள் அடுக்கடுக்காகத் தொங்கும் பாவாடை ஒன்றை உடுத்தி, கைகளைக் கோத்து உட்கார்ந்திருக்கிறார். கற்றை ஒவ்வொன்றையும் சிற்பி தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார். அந்த உடை அவருடைய உயர்நிலையின் அடையாளம்.

எகிப்திய மன்னர்கள் ஷெந்தித் என்ற மடிப்பு வைத்த லினன் துணியைச் சுற்றி உடுத்தினார்கள். படையெடுத்துச் செல்லும் காட்சிகளிலும் அதே உடைதான். கிரேக்க, ரோமானிய ஆண்கள் காலைப் பிரிக்காத அங்கிகளோடு வாழ்ந்தார்கள். பழைய சீனாவிலும் ஆணின் முறையான உடை மேலாடையும் இடுப்பில் கட்டும் கீழாடையும்தான். உலகின் வெதுவெதுப்பான பகுதிகளில் மனித வரலாற்றின் பெரும்பகுதிக்கு ஆணின் இயல்பான உடை இதுவே. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: பேன்ட் எப்படி வந்தது?

4. சரி, அப்ப பேன்ட் எப்படி வந்துச்சு?

குதிரை மேல் வந்தது. இப்போதைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கால்சட்டைகளில் ஒரு தொகுதி மேற்குச் சீனாவின் துர்ஃபான் பகுதியில், யாங்ஹாய் கல்லறைகளில் எடுக்கப்பட்டது. கம்பளியில் நெய்தவை, ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் பழையவை. இரண்டு கால் குழாய்களையும் இணைக்கும் இடத்தில் அகலமான ஒரு துண்டைத் தனியாக நெய்து சேர்த்திருக்கிறார்கள். சேணத்தில் கால்களை விரித்து உட்காருவதற்கென்றே செய்த ஏற்பாடு அது. பக்கத்தில் குதிரைக் கருவிகளும் கிடைத்தன.

கி.மு. 307இல் சீனத்தின் ஜாவோ நாட்டு மன்னர் வூலிங் தம் படையினர் நாடோடிகளைப் போலக் கால்சட்டை போட்டுக் குதிரை மேல் இருந்து அம்பு எய்ய வேண்டும் என்று ஆணையிட்டபோது, காட்டுமிராண்டி உடை என்று அரசவையில் எதிர்ப்பு எழுந்தது. ரோமிலும் அதே பார்வை. கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் ஹொனோரியஸ் காலத்துச் சட்டம் ரோம் நகருக்குள் கால்சட்டை அணிவதைத் தடைசெய்தது. குளிரும் குதிரையும் உள்ள நாடுகளில் கால்சட்டை நிலைத்தது. பின்னாளில் அந்த நாடுகள் உலகை ஆண்டதால் அது அலுவலக உடையாகவும் ராணுவ உடையாகவும் எங்கும் பரவியது.

5. பெல்ட்டும் இல்ல, பட்டனும் இல்ல. அவிழ்ந்து விழாதா?

கட்டத் தெரிந்தால் விழாது. லோன்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டிய துணிக்குள் நின்று, இடுப்பின் இரு பக்கமும் துணியைப் பிடித்து வெளியே இழுக்கிறார் ஒருவர். முதுகுப் பக்கம் துணி உடலோடு ஒட்டிவிடும். இழுத்த இரண்டு மடிப்பையும் வயிற்றுக்கு முன்னால் ஒன்றன் மேல் ஒன்றாகக் கொண்டுவந்து, ஒரு முறுக்கு முறுக்கி, அந்த முறுக்கின் நுனியை உள்ளே செருகுகிறார். வெளியே சிறு குமிழாக ஒரு முடிச்சு நிற்கும். துணிக்கும் துணிக்கும் உள்ள உராய்வும், வயிறு மூச்சில் தரும் அழுத்தமும் அதைப் பிடித்து வைக்கின்றன. பருத்தி இதற்கு நல்ல துணை. வழுக்கும் பாலியஸ்டர் நிற்காது, கட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாளில் சில தடவை அவிழ்த்துக் கட்டுவது இந்த உடையோடு வரும் வழக்கம். தெருவில் நடந்தபடியே கட்டிக்கொள்வார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யேமனில் ஜம்பியா என்ற வளைந்த கத்தி செருகிய அகலமான வாரும் ஃபூத்தாவை இறுக்கிப் பிடிக்கிறது. கில்ட்டுக்கு இந்தக் கவலையே கிடையாது. இரண்டு அல்லது மூன்று தோல் வார்கள் கொக்கியோடு வரும்.

6. இதே துணியைப் பெண்களும் கட்டுறாங்களே. பிறகு ஆண் உடைன்னு எப்படிச் சொல்றது?

நுணுக்கங்களை வைத்துத்தான். மியான்மரில் ஆணின் லோன்ஜிக்குப் பஸோ என்றும் பெண்ணுடையதற்குத் தமெய்ன் என்றும் பெயர். ஆண் கட்டம் அல்லது கோடு போட்டதை முன்னால் முடிச்சிட்டுக் கட்டுகிறார். பெண் பூவும் அலைக்கோலமும் உள்ளதை ஒரு பக்கம் மடித்து இடுப்பில் செருகுகிறார், அதன் மேல் விளிம்பில் கறுப்புப் பட்டை ஒன்று தைத்திருக்கும். வெளியாள் பார்த்தால் ஒரே உடை. அந்த ஊர்க்காரர் கொடியில் காய்வதைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்.

அந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை 2021 காட்டியது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, போராட்டக்காரர்கள் கயிறு கட்டி அதில் தமெய்ன்களைத் தெருவுக்குக் குறுக்கே உயரத் தொங்கவிட்டார்கள். பெண்ணின் கீழாடைக்கு அடியில் நடந்தால் ஆணுக்குரிய ஆற்றல் போய்விடும் என்ற பழைய நம்பிக்கையைத் தடுப்பரணாக மாற்றினார்கள். படையினர் நின்று, கயிற்றை இறக்கிய பிறகே மேலே போனார்கள். பாவாடை வடிவ உடையை உடுத்தியே வளர்ந்த ஆண்கள் அவர்கள். ஒரு சமூகத்தில் ஆண் பெண் வேறுபாடு முடிச்சிலும் கோலத்திலும் குடியிருக்கலாம், கால் பிரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இந்தத் தொகுப்பில் ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

7. கில்ட் ஆயிரம் வருஷப் பழசுன்னு படத்துல காட்டுறாங்களே?

அது படம். ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தவர் இடுப்பில் வாரிட்டுச் சுற்றும் பெரிய கம்பளிப் போர்வை பற்றிய தெளிவான குறிப்புகள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வருகின்றன. பல மீட்டர் நீளத் துணியின் பாதி இடுப்புக்குக் கீழே மடிப்பாகத் தொங்கும், மீதி தோளில் ஏறும். மழையில் தலைக்கு மூடாக்கு, இரவில் படுக்கை. மலையிலும் ஈரப் புல்வெளியிலும் மாடு ஓட்டுபவருக்கு முழங்காலுக்குக் கீழே துணி இல்லாதது வசதி, நனைந்தாலும் கால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

கீழ்ப்பாதியை மட்டும் தனியாக உடுத்தும் சிறிய கில்ட் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. க்ளென்கேரியில் இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் 1720களில் தம் தொழிலாளர்களுக்காக இதை வடிவமைத்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு முன்பே இருந்தது என்று மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் இன்று நாம் பார்க்கும் கில்ட்டுக்கு வயது முந்நூறு சொச்சம்தான். அதனால் அதன் மதிப்பு எந்த வகையிலும் குறையவில்லை என்பது என் எண்ணம்.

8. கில்ட்டை அரசாங்கமே தடை பண்ணுச்சாமே, நிஜமா?

நிஜம். 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில், பழைய ஸ்டூவர்ட் அரச குடும்பத்தைத் திரும்ப அரியணை ஏற்றப் போராடிய ஜேக்கபைட் படை தோற்றதும், அந்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உடைச் சட்டம் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் மேட்டுநில உடை அணிந்தால் முதல் தடவை ஆறு மாதச் சிறை. மறுபடி அகப்பட்டால் ஏழு ஆண்டு கடல் கடந்த நாடுகடத்தல். பெண்களைச் சட்டம் குறிப்பிடவில்லை. அரசரின் படையில் சேர்ந்த மேட்டுநிலத்தவருக்கு மட்டும் விலக்கு. ஆக, தாத்தன் உடுத்தியதை உடுத்த ஆசைப்பட்ட இளைஞனுக்கு ஒரே வழி, தோற்கடித்தவரின் படையில் சேர்வது.

தடை 1782இல் நீங்கியது. அதற்குள் ஒரு தலைமுறை கால்சட்டைக்குப் பழகிவிட்டது. கில்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் சீமான்களும் சங்கங்களும்தான். 1822 ஆகஸ்டில் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டின்படி மன்னரே கில்ட் அணிந்து காட்சி தந்தார். தடைசெய்த அரசவம்சம் அதே உடையில் வந்து நின்றது. ஏழை மலைவாசியின் உடை அன்றிலிருந்து நாட்டின் சின்னமாகிவிட்டது.

9. கில்ட் துணியில இருக்கிற ஒவ்வொரு கட்டமும் ஒரு குலத்துக்குச் சொந்தமா? வேற ஆள் போட்டா பிரச்சினையா?

குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஒழுங்கு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதற்கு முன் ஒரு வட்டாரத்து நெசவாளர் எந்தச் சாயம் கிடைத்ததோ, எந்த அமைப்பு கைவந்ததோ அதை நெய்தார். 1842இல் பழஞ்சுவடி என்று சொல்லி வெளியிடப்பட்ட ஒரு தொகுப்பில் இருந்து பல குலக் கட்டங்கள் வந்தன. அது போலி என்று பின்னர் நிறுவப்பட்டது. ஆனால் அதற்குள் குடும்பங்கள் அந்தக் கட்டங்களைத் தமதாக்கிக்கொண்டன, இப்போது அவை உண்மையாகவே அவர்களுடையவைதான்.

இன்று ஸ்காட்லாந்து அரசின் பதிவேடு ஒன்று உள்ளது, 2009 முதல் நடக்கிறது. யார் எதை உடுத்தலாம் என்று அது கட்டுப்படுத்துவதில்லை. குலத் தொடர்பு இல்லாதவர்கள் பிளாக் வாட்ச் போன்ற பொதுவான கட்டங்களை எடுப்பது வழக்கம். 1853இல் இளவரசர் ஆல்பர்ட் வடிவமைத்த பால்மோரல் கட்டத்தை மட்டும் அரச குடும்பத்துக்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

10. ஒரு கில்ட்டுக்கு எட்டு கெஜம் துணியா? எங்க போகுது அவ்வளவும்?

பின்னால் போகிறது. முன்பக்கம் மடிப்பில்லாத இரண்டு தட்டைப் பகுதிகள் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். பக்கத்திலும் பின்னாலும் இருபத்தைந்து முப்பது மடிப்புகள் நெருக்கமாக இருக்கும். எட்டு கெஜம் என்பது ஏறத்தாழ 7.3 மீட்டர், நல்ல கனமான கம்பளி. நடக்கும்போது பின்பக்கம் ஆடும் அந்த அசைவு இந்தக் கனத்தால் வருவது. துணி குறைத்துத் தைத்ததை நடையிலேயே கண்டுபிடிக்கலாம்.

தைப்பவரின் திறமை மடிப்பில்தான் தெரியும். ஒவ்வொரு மடிப்பையும் மடித்த பிறகும் பின்பக்கம் கட்டம் முழுசாக, மடிக்காத துணி போலவே தொடர வேண்டும் என்று கணக்கிட்டு மடிப்பது ஒரு முறை. ஒரே கோடு எல்லா மடிப்பின் முகத்திலும் வரும்படி மடிப்பது ராணுவத்தில் பழகிய முறை. இரண்டாவதில், நின்றால் ஒரு நிறம், நடந்தால் மடிப்பு விரிந்து உள்ளே இருக்கும் நிறங்கள் தெரியும். நல்ல கில்ட்டை இன்னமும் கையால்தான் தைக்கிறார்கள்.

11. உள்ளே ஒண்ணுமே போட மாட்டாங்களாமே?

கேட்கத் தயங்கிக் கடைசியில் எல்லாரும் கேட்பது இது. மேட்டுநிலப் படைப்பிரிவுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மை. ஆனால் மேட்டுநில நடனப் போட்டிகளில் உள்ளாடை கட்டாயம். 2010இல் ஸ்காட்லாந்தின் கட்டத்துணி அமைப்பின் தலைமையே, உள்ளாடை இல்லாமல் உடுத்துவது சுகாதாரக் கேடு என்று வெளிப்படையாகச் சொன்னது. வாடகைக்கு எடுக்கும் கில்ட்டுகள் அடுத்தவருக்கும் போகும் என்பதை நினைத்தால் அந்த அறிவுரை நியாயமானது. மற்ற நாடுகளில் அவரவர் விருப்பம். 16ஆம் கேள்வியில் வரும் ஹஜ் பயணிகளின் இஹ்ராமில் மட்டும் ஆண்களுக்கு உள்ளாடை இல்லாதது சமய விதி.

12. கிரீஸ்ல காவலுக்கு நிக்கிறவங்க போடுற வெள்ளைப் பாவாடையில 400 மடிப்புன்னு சொல்றாங்க. ஏன் 400?

ஏதென்ஸில் அதிபர் மாளிகைக் காவலரான எவ்ஸோன்களின் ஃபுஸ்தனெல்லா அது. சுமார் 30 மீட்டர் வெள்ளைப் பருத்தித் துணி. ஒட்டோமான் ஆட்சியின் 400 ஆண்டுகளை அந்த 400 மடிப்புகள் நினைவூட்டுகின்றன என்பது வழங்கும் விளக்கம். உடை அந்த விளக்கத்தை விடப் பழையது. அல்பேனியரும் கிரேக்க மலைப்படையினரும் உடுத்தியது, 1821 விடுதலைப் போரின் வீரர்களோடு சேர்ந்து புகழ்பெற்றது. பவேரியாவில் இருந்து வந்த முதல் மன்னர் ஒட்டோ அதைத் தம் அரசவை உடையாக்கிக்கொண்டார். ஆட்சி போய் ஊர் திரும்பிய பிறகும் அதை உடுத்தினார்.

எவ்ஸோன்கள் இதைத் தினமும் அணிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காவல் மாற்றத்துக்கும் அரசு விழாக்களுக்கும் மட்டும். காலில் குஞ்சம் வைத்த தோல் செருப்பு, அடியில் அறுபதுக்குக் குறையாத ஆணிகள், ஜோடி மூன்று கிலோவுக்கு மேல். அதோடு அசையாமல் நிற்பதும், காலை உயரத் தூக்கி மெதுவாக இறக்குவதும் கடும் பயிற்சி.

13. இதைப் போட்டுக்கிட்டு எப்படிச் சண்டை போட முடியும்?

போட்டார்கள். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஸ்காட்லாந்துப் படைகள் காக்கி முன்துணியால் மூடிய கில்ட்டோடுதான் இருந்தன. கஷ்டமும் பட்டன. மடிப்புகளில் பேன் அடைந்தது. ஈரச் சேறு ஏறிய கம்பளியின் விளிம்பு குளிரில் விறைத்து முழங்காலின் பின்புறத்தை அறுத்தது. தோலைக் கொப்பளிக்க வைக்கும் நச்சுவாயு வந்தபோது திறந்த கால்கள் ஆபத்தாயின. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் கில்ட்டைப் போர்க்கள உடையில் இருந்து நீக்கினார்கள்.

1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைக் குழலிசைஞர் பில் மில்லின் மட்டும் கில்ட்டில் இருந்தார், கையில் பைக்குழல். அவருடைய தந்தை முதல் போரில் ஃபிளாண்டர்ஸில் உடுத்திய அதே கில்ட். கடல்நீரில் துணி மிதந்து விரிய, குழலை ஊதியபடி கரையேறினார்.

14. பசிபிக் தீவுகள்ல கோட்டு டை போட்டுட்டுக் கீழ பாவாடை உடுத்துறாங்களே, அது என்ன?

பிஜியில் அது சுலு வகாதங்கா. கோட்டுத் துணியிலேயே தைத்தது, பையும் கொக்கியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தொங்கா வழியாக வந்த கிறிஸ்தவச் சமயப் பணியோடு சுலு பரவியது, பிறகு தையல்காரர் கையில் அலுவலக உடையாகியது. பிஜி காவலர்களின் சடங்குச் சீருடையில் வெள்ளை சுலுவின் கீழ் விளிம்பு ரம்பப்பல் போல வெட்டப்பட்டிருக்கும். சமோவாவில் இதே போன்ற தைத்த உடைக்கு இயெ ஃபைத்தங்கா என்று பெயர்.

தொங்காவில் துப்பெனுவின் மேல் தாவொவாலா என்ற தாழைநார்ப் பாயை இடுப்பில் சுற்றிக் கட்டுவது மரியாதை. தேவாலயத்துக்கும் அரசுப் பணிக்கும் இழவுக்கும் அது இல்லாமல் போக மாட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்கவிழாவில் தொங்கா வீரர் பீட்டா தௌஃபாதோஃபுவா உடலெங்கும் எண்ணெய் பூசித் தாவொவாலாவோடு கொடி பிடித்து வந்ததை உலகமே பார்த்தது. 2018இல் தென்கொரியாவின் உறைபனியில் குளிர்கால ஒலிம்பிக்குக்கும் அதே கோலத்தில் வந்தார்.

15. ஹக்காமா பாவாடையா பேன்ட்டா?

இரண்டும் உண்டு. குதிரையேற்றத்துக்கு உரியது உள்ளே கால் பிரிந்தது, மற்றொன்று பிரியாதது. வெளியே ஒன்றுபோல விழும், முன்னால் ஐந்து மடிப்பு, பின்னால் இரண்டு. கெண்டோ, அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலைகளைப் பயில்பவர்கள் அணிவது பெரும்பாலும் பிரிந்த வகை. 4ஆம் பதிலில் சொன்ன குதிரை இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

16. ஹஜ்ஜுக்குப் போறவங்க தைக்காத துணி கட்டுறாங்களே, அதுவும் இதில் சேருமா?

சேரும், அதுதான் உலகில் மிகப் பரவலாக எல்லா இனத்து ஆண்களும் உடுத்தும் ஒரே சுற்றுடை. இஹ்ராம் என்ற புனித யாத்திரை நிலையில் ஆண்களுக்கு இரண்டு வெள்ளைத் துணிகள். கீழே இஸார், மேலே ரிதா. உடலின் அளவுக்குத் தைத்த சட்டை, கால்சட்டை, உள்ளாடை கூடாது. பெண்களுக்கு அவர்களுடைய வழக்கமான உடை. ஆக, இங்கே பெண்கள் தைத்ததையும் ஆண்கள் சுற்றியதையும் உடுத்துகிறார்கள். அரசனுக்கும் கூலிக்காரருக்கும் ஒரே துணி என்பது அதன் உட்பொருள். வாழ்நாள் முழுவதும் பேன்ட் போட்டவர்கள் அங்கே முதன்முறை இடுப்பில் துணி கட்டப் பழகுகிறார்கள். இடுப்பு வார் கட்டிக்கொள்ள அனுமதி உண்டு, அது பெரிய உதவி.

17. ஆபீஸ், கிளப், அரசு விழா இங்கெல்லாம் இதுல போனா விடுவாங்களா?

இடத்தைப் பொறுத்தது. பிஜியிலும் சமோவாவிலும் அதுவே மரியாதையான உடை. 2019 முதல் 2024 வரை இந்தோனேசியாவின் துணை அதிபராக இருந்த மஃருஃப் அமீன் அரசு நிகழ்ச்சிகளில் சாரோங்கோடு காட்சி தந்தவர். தமிழ்நாட்டில் 2014இல் வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதியை ஒரு கிளப் உள்ளே விட மறுத்தது பெரிய விவாதமாகி, அதே ஆண்டு வேட்டிக்குத் தடைபோடுவதைக் குற்றமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அயலார் ஆட்சி போன பிறகும் அவர்களுடைய உடைவிதி கதவருகே நின்றுகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மறுபக்கமும் உண்டு. பூட்டானில் 1989இல் கோவும் பெண்களின் கிராவும் பொது இடங்களில் கட்டாயமாக்கப்பட்டபோது, தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழியினருக்கு அது அவர்களுடைய உடையைப் பறித்ததாக இருந்தது. அடுத்த ஆண்டே அங்கே பெரும் போராட்டங்கள் நடந்தன. உடையைத் தடுப்பது எவ்வளவு தவறோ, திணிப்பதும் அவ்வளவு தவறு.

18. காத்தோட்டமா இருக்கு, ஆண்மைக்கு நல்லதுன்னு சொல்றாங்க. உண்மையா?

விந்தணு உருவாகும் இடம் உடல் வெப்பத்தை விடச் சில பாகை குளிர்ந்திருக்க வேண்டும் என்பது உறுதியான மருத்துவ உண்மை. 2018இல் அமெரிக்காவில் 656 ஆண்களிடம் செய்த ஆய்வில், தளர்வான உள்ளாடை அணிந்தவர்களின் விந்தணு அடர்த்தி மற்றவர்களை விடச் சராசரியாக 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஆனால் இறுக்கமான உடை அணிந்தவர்களில் பெரும்பாலோருக்கும் எண்ணிக்கை இயல்பான அளவில்தான் இருந்தது. சுற்றுடையும் தளர்வானது என்பதால் இதை ஊகித்து நீட்டலாம். குழந்தைப்பேறுக்கு மருந்தாக யாரும் பரிந்துரைக்கும் அளவுக்கு அது போகாது.

வியர்வை தங்காமல் இருப்பதும், தொடையிடுக்கில் படர்தாமரை போன்ற தொல்லை குறைவதும் வெப்பநாட்டவர் அனுபவத்தில் அறிந்தவை. இறுக்கிக் கட்டிய முடிச்சு ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் உராய்ந்தால் இடுப்புத் தோல் கறுத்துத் தடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

19. ஓடணும், மரம் ஏறணும், வண்டி ஓட்டணும்னா?

மடித்துக் கட்டுவார்கள். மியான்மரில் சின்லோன் என்ற பிரம்புப் பந்தாட்டம் ஆடுபவர்கள் லோன்ஜியின் கீழ்ப்பகுதியைச் சுருட்டிக் கால்களுக்கு இடையே கொண்டுபோய்ப் பின்னிடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். ஒரு நொடியில் அரைக்கால் சட்டை. பந்தை முதுகுப்புறமாக எம்பி உதைத்தாலும் அவிழாது. உழவும் மீன்பிடிப்பும் மரமேறுவதும் இப்படித்தான் நடந்தன. சுழலும் இயந்திரத்துக்கு அருகிலும் சக்கரம் திறந்திருக்கும் வண்டியிலும் மட்டும் சுற்றுடை உண்மையிலேயே ஆபத்து. அங்கே கால்சட்டையே சரி.

20. இப்ப மேல்நாட்டு இளைஞர்கள் ஸ்கர்ட் போடுறாங்களே, அதுவும் இதே கதைதானா?

வேறு கதை. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழான் பால் கோத்தியே 1985இல் ஆண்களுக்கான ஸ்கர்ட்டுகளை மேடையேற்றினார். அங்கே அது விதியை மீறும் உடை, அந்த மீறலில்தான் அதன் அர்த்தம். லோன்ஜி கட்டியவர் எதையும் மீறவில்லை. 2017 ஜூன் வெயிலில் பிரான்சின் நான்ட் நகரப் பேருந்து ஓட்டுநர்கள் சிலர் ஸ்கர்ட் அணிந்து வேலைக்கு வந்தது இன்னும் வேறு. அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லை, பெண்களுக்கு ஸ்கர்ட் அனுமதி உண்டு என்ற விதியை அவர்கள் அப்படியே பயன்படுத்தினார்கள். அவர்கள் கேட்டது அரைக்கால் சட்டையைத்தான்.

21. வேற நாட்டு உடையை நான் உடுத்தினா அவங்களுக்குத் தப்பாப் படுமா?

பெரும்பாலும் மகிழ்வார்கள். கில்ட், லோன்ஜி, சுலு மூன்றையும் விருந்தினருக்குக் கட்டிவிட்டுப் பார்ப்பதில் அந்தந்த ஊர்க்காரர்களுக்கு விருப்பம் அதிகம். ஆண் உடையைப் பெண் முறையிலோ, இழவுக்குரிய பாயை விழாவுக்கோ கட்டாமல் இருக்க, உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது. வேடிக்கைக்கான மாறுவேடமாக உடுத்தினால் மட்டும் மனம் புண்படும்.

22. முதல் தடவை கட்டிப் பார்க்கணும். எதில் ஆரம்பிக்கலாம்?

மூட்டிய பருத்திச் சாரத்தில், அதாவது லுங்கியில். புதுத்துணியின் கஞ்சி போக ஒரு தடவை துவைத்துவிடுங்கள், முடிச்சு நிற்கும். 5ஆம் பதிலில் உள்ளபடி கட்டி, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறும்போது முன்துணியை ஒரு கையால் சற்றே தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கால் மிதித்து முடிச்சு நழுவும். தொப்புளுக்குக் கீழே கட்டினால் பாதியில் இறங்கும், தொப்புளை ஒட்டிக் கட்டுங்கள்.